வெட்டாத மூலை

தானாகப் புல் வெட்டும் மெஷின் வாங்குகிறவர்களுக்கு நான் ஒரு யோசனை சொல்வேன், சார். மழைக்கு அதை மூடிவைக்கிற சின்னக் கூரையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடை வாசல்வரை நடந்தால் போதும், சும்மாவே கொடுத்துவிடுவார்கள். எங்கள் அப்பா அப்படித்தான் வாங்கினார். கூடவே ஒரு செட் பிளேடும் வாங்கினார். கையெழுத்துப் போடக் கொடுத்த பேனாவையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்னும் எழுத வேண்டாம், நான் விஷயத்துக்கு வரவில்லை. டீ ஆறிவிடும், குடியுங்கள். துக்கத்தில் ஏதோ உளறுகிறான் என்று நினைத்து என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள்மேல் தவறில்லை. நாங்கள் துணி வியாபாரக் குடும்பம். ஒருவன் தானாக வந்து நின்று, இந்தச் சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினால் நாங்களும் சந்தேகப்படுவோம். இழுத்துப் பார்ப்போம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். நீங்களும் பாருங்கள். சரக்கில் கோளாறு இல்லை.

எங்கள் வீடு பெரியது, தோட்டம் அதைவிடப் பெரியது. தாத்தா ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட இடம். பிறகு ஊரே வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டது. முன்னால் பூச்செடிகள், பின்னால் மரங்கள்வரை வெறும் புல். வீட்டில் அப்பா, நான், என் மனைவி, என் தம்பி, அவன் மனைவி, அவர்கள் பிள்ளைகள். அம்மா இல்லை. என் மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். புல்லைத் தோட்டக்காரர்தான் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் தம்பி மெஷின் வாங்கலாம் என்றான்.

கடையில் அப்பா முதலில் மெஷினைத் தடவிப் பார்த்தார். துணியைத் தடவுகிற மாதிரியே, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக. பிறகு வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிற கேள்விகளை விற்பனையாளரிடம் கேட்டார்.

“சாப்பாடு?”

“கரண்ட்தான் சார். பசிச்சா அதுவே போய் சார்ஜ் போட்டுக்கும்.”

“லீவு?”

“லீவே கிடையாது சார். மழை வந்தா மட்டும் ஒதுங்கிக்கும்.”

“அப்ப நம்ம கடைப் பசங்க தேவலாம். அவனுங்க குடையாவது எடுத்துட்டு வருவானுங்க.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வாங்குகிறவன் சிரித்தால் விலை ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து மெஷினுக்கு எங்கள் வீட்டில் ‘புதுப் பையன்’ என்று பெயர்.

அந்த நேரம் முழுக்க அவருடைய இடது கை என் வலது முழங்கையைப் பிடித்திருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வயதான அப்பா, பாசமான மூத்த மகன், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அவருக்குக் கண் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டே வந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அப்பா சொன்னார்: “பெரியவனே, இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். சந்தைக்குத் தெரிஞ்சா நாளைக்கே கந்தலைக் கொண்டாந்து பட்டுன்னு தலையில கட்டிடுவானுங்க. உன் தம்பிகிட்டகூட மூச்சு விடாத. கையில அடி.”

கையில் அடித்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் கையடித்தால் பேரம் முடிந்தது, பிறகு பேச்சு கிடையாது.

அன்றிலிருந்து நான் அவர் கண். கடையில் கல்லாவை ஒட்டி உட்கார்ந்து, கணக்குப் பார்க்கிற பாவனையில் முணுமுணுப்பேன்: “மயில் நீலம், மஞ்சள் கரை.” அவர் துணியைத் தடவிவிட்டு, “நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கே” என்பார். சரக்குக் கொண்டுவந்தவர் ஆடிப்போவார். இந்த வயதில் என்ன பார்வை என்று சந்தையே மெச்சியது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில், தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வேன். மாடிப்படியில் ஒரு படி முன்னால் இறங்குவேன். காலையில் பேப்பரை அவர் காதருகில் படிப்பேன். அதை அவர் இன்னும் சத்தமாகத் தம்பியிடம் சொல்லி நாட்டைத் திட்டுவார். ஐம்பதைத் தாண்டிய ஆள் நான். என் முழங்கை எனக்குச் சொந்தமில்லை. குறையாகச் சொல்லவில்லை, சார். ஒருவனைக் கட்டிவைக்கச் சங்கிலி தேவையில்லை, ஐந்து விரல் போதும் என்பதைத் தகவலுக்காகச் சொல்கிறேன்.

என் மனைவி போன வருஷம் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. பெட்டியை நிதானமாக அடுக்கினாள். மகள் இருக்கும் ஊரில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குப் பிடித்திருந்தாள்.

“வர்றீங்களா இல்லையான்னு நான் கேக்கல. அங்க உங்களுக்கும் ஒரு தலகாணி போட்டு வச்சிருப்பேன். அவ்வளவுதான்.”

“அப்பாவை யாரு பாத்துக்குவா?”

“கண்ணு தெரியலன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. வீட்ல இருக்குறவங்க பாத்துக்குவாங்க.”

அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. “உனக்கு யாரு சொன்னது?” என்றேன்.

“யாராவது சொல்லணுமா? உங்க தம்பி உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு உங்கப்பா பக்கத்துல உக்காந்தப்ப, அவரு தம்பி முழங்கையைப் பிடிச்சு பெரியவனேன்னு கூப்பிட்டாரே, அன்னிக்கு எல்லாரும் மேஜையிலதான இருந்தோம். எல்லாருக்கும் தெரியுங்க. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா அந்தக் கை அவங்க முழங்கைக்கு வந்துடும். அதான் தெரியாத மாதிரி இருக்காங்க.”

ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் மனுஷர்கள் எதையாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெஷினைப் பொருத்த வந்தவர் விவரமான ஆள். புல்வெளியின் ஓரம் முழுக்க மண்ணுக்கடியில் ஒரு மெல்லிய கம்பியைப் பதித்தார். மெஷின் கம்பியின் பக்கத்தில் வந்ததும் திரும்பிவிடும். நடுவில் மரமோ பாத்தியோ இருந்தால் அதே கம்பியை உள்ளே இழுத்து, அதைச் சுற்றி ஒரு வளையம் போடுவார். வளையத்துக்குள் மெஷின் காலெடுத்து வைக்காது. எங்கெங்கே வளையம் வேண்டும் என்று கேட்டார். பின்பக்க மூலையில் ஒன்று போடச் சொன்னேன்.

“அங்க ஒண்ணுமே இல்லையே சார்?”

“மண்ணு இளகல். சிக்கிக்கும்.”

அங்கே பழைய தண்ணீர்த்தொட்டி இருக்கிறது, நீங்கள்தான் பார்த்தீர்களே. குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் தாத்தா தரைக்கடியில் கட்டியது, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், மழைத் தண்ணீர் கசிந்து உள்ளே தேங்கிக் கிடக்கும். பலகைகளை அடுக்கி மண் போட்டு மூடியிருந்தார்கள். மேலே புல் முளைத்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால், பலகையை எடுத்துவிட்டு கான்கிரீட் மூடி போட்டு மண்ணை நிரவச் சொன்னார் அப்பா. கொத்தனார் வந்தார். அப்பா பேசிய பேரத்தில் மனுஷன் சைக்கிளைக்கூட ஸ்டாண்ட் போடாமல் திரும்பிப் போனார். வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சில நாள் கழித்து, “மூடி போட்டாச்சா?” என்று அப்பா என்னைக் கேட்டார். இன்னொரு கொத்தனார், இன்னொரு பேரம், இன்னொரு சண்டை என்று நினைக்கும்போதே எனக்குக் களைப்பாக இருந்தது.

“ஆச்சுப்பா.”

“நல்லா வந்திருக்கா?”

“கல்லு மாதிரி இருக்குப்பா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த நிமிஷம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நான் சொல்வதுதான் அவருக்கு உலகம். அதன் பிறகு அவ்வப்போது சின்னச் சின்னதாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிடித்தால் விடாமல் அறுக்கிற ஒரு பழைய வாடிக்கையாளர் எதிரில் வருகிறார் என்று சொல்லி, பாதி நடையில் அவரை வீட்டுக்குத் திருப்பியிருக்கிறேன். தெருவில் ஒரு நாய்கூட இருக்காது. யாருக்கும் நஷ்டமில்லாத பொய்கள்.

மெஷின் ஓட ஆரம்பித்த சில நாளிலேயே அப்பா அதன் அருமையைக் கண்டுபிடித்துவிட்டார். அது போகிற இடத்தில் தரை இருக்கிறது. அது பாத்தியில் இறங்காது, சுவரில் முட்டாது. சீராக ஒரு ரீங்காரம் வரும். நாலு அடி விட்டுப் பின்னால் நடந்தால் போதும். அது நின்று திரும்பினால் இவரும் நின்று திரும்புவார். கைத்தடி என்றால் கௌரவக் குறைச்சல், மெஷின் என்றால் மேற்பார்வை. புல்லில் வெறுங்காலோடு நடந்தால் கண்ணுக்கு நல்லது என்று வீட்டில் அறிவித்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்தால் அசல் முதலாளிதான். வாயும் சும்மா இருக்காது.

“ஏண்டா, கோடு புடிச்சு வெட்டத் தெரியாதா? இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம், எலி கடிச்ச துணி மாதிரி பண்ணி வச்சிருக்க. இப்பத்தான இந்தப் பக்கம் வந்த, மறுபடியும் இங்க என்ன சோலி?”

தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, “ஐயா, அது அப்படித்தான் குறுக்க நெடுக்க ஓடும். கடைசியில எல்லாத்தையும் முடிச்சிடும்” என்பார்.

“நீ என்ன அவனுக்கு வக்கீலா?”

அப்பாவுக்குப் புதுப் பையன் கிடைத்தான், எனக்கு என் முழங்கை கிடைத்தது. கடை திறக்கும்வரை காலை நேரம் முழுக்க என்னுடையது. முதல் நாள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தெருவில் நடந்தேன், வலது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடந்தேன். டீக்கடைக்குள் நுழையும்போது ஒருக்களித்து நுழைந்தேன். பிறகு பழகிவிட்டது. தினமும் பஸ் நிலையம்வரை போவேன். என் மனைவி இருக்கும் ஊருக்குப் போகிற பஸ் அந்த நேரத்தில்தான் நிற்கும். ஒருநாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினேன். “ஏன் சார், சீட்டு புடிக்கலையா?” என்றார் கண்டக்டர்.

அன்று அவளிடம் போனில், “கூடிய சீக்கிரம் வந்துடுவேன்” என்றேன்.

“சொல்லிட்டீங்களா?”

“அவரு இப்ப தனியாவே நடக்குறாரு.”

“நடக்குறதுக்காகவா உங்களைப் புடிச்சு வச்சிருக்காரு?” என்றாள். பிறகு, கீழே ரொட்டி சுடுகிறார்கள், வாசனை மேலே வருகிறது என்றாள். எனக்கு அந்த வாசனைக்கே பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அப்பா தொண்டையைச் செருமினார். கடையை இனி தம்பியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். “எனக்கும் வயசாகுது. நானும் பெரியவனும் வீட்டோட இருந்துடுறோம்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். சந்தோஷத்தை மறைக்கிறவன் அப்படித்தான் பிசைவான். அவன் மனைவி, “மூத்தவருக்கும் ரெஸ்ட் வேணாமா, எவ்வளவு நாள்தான் ஓடுவாரு” என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. வீட்டோடு இருப்பதென்றால் என்ன என்பது சாப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. என் கட்டிலை அப்பாவின் அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். தம்பியும் தோட்டக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். அப்பாவின் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவே ஒரு கை நீளம் இடம் விடச் சொன்னார். அவருடைய கை நீளம்.

அதே சாப்பாட்டில்தான் மூலைப் பேச்சும் வந்தது.

“பின்னாடி மூலையில கணுக்கால் உயரத்துக்குப் புல்லு நிக்குது. இவன் கிட்டப் போய்த் திரும்பித் திரும்பி வர்றான். கள்ளன். அந்த இடத்தை மட்டும் ஏன் தொட மாட்டேங்குறான்?”

“அண்ணன்தான் அங்க மண்ணு இளகல்னு வளையம் போடச் சொன்னாராம்ப்பா” என்றான் தம்பி.

“இளகலா? அங்கதான கான்கிரீட் மூடி போட்டிருக்கு. கல்லு மாதிரி இருக்குன்னு இவன்தான சொன்னான்? இல்லையாடா பெரியவனே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாப்பா.”

“அப்புறம் என்ன வளையம்? எடுத்து எறி.”

“எடுத்துடறேன்பா.”

இதை நீங்கள் பொறுமையாக யோசித்துப் பார்க்க வேண்டும். நான் பொய் சொன்னேன் என்று அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொண்டால், என்ன ஆகும்? அதுவரை நான் சொன்ன ஒவ்வொரு நிறத்தையும், ஒவ்வொரு படியையும் அவர் சந்தேகப்பட ஆரம்பிப்பார். கண்ணில்லாத மனுஷனுக்கு நம்பிக்கையும் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த வயதில் அவருக்கு அப்படியொரு கஷ்டத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயந்திரமே வேலையை முடித்தேன். உயரமான புல்லை மெஷின் வெட்டாது. அதனால் முதலில் கத்தரியால் நானே வெட்டிச் சமமாக்கினேன். ஓரத்தில் மண்டியிட்டு, கையை மட்டும் நீட்டி. பிறகு வளையத்தைப் பிடுங்கி, கம்பியை வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்து இணைத்தேன். சார்ஜ் போடுகிற இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கம்பி எங்கும் அறுபடவில்லை என்று அர்த்தம். சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் விடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் புல்மேல் வைத்து லேசாக அழுத்தினேன். பழைய மெத்தை மாதிரி அமுங்கியது, அடியில் ஏதோ முனகியது. காலை எடுத்துக்கொண்டேன். மெஷின் ஒரு கைக்குழந்தை கனம்தான். அதைப் பலகை தாங்கும். அப்பா நல்ல ஆகிருதி, ஒரு பேல் துணிமூட்டைக்குக் குறையமாட்டார்.

தோட்டக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், அங்க மம்பட்டி பட்டா உள்ள காலியா சத்தம் கேக்குமே” என்றார். மூடி போட்டிருக்கிறது என்றேன். “அப்ப சரி” என்று குழாயைச் சுருட்டினார். அவரைக் கேளுங்கள், சொல்வார்.

மெஷின் எந்த நாள் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் நாள் குறிக்கவில்லை, அதையும் கவனியுங்கள். அந்த வாரம் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. காலையில் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் மெஷின் நேராக மூலையைப் பார்த்துப் போனது, அப்பா பின்னாலேயே போனார். கடைசி நேரத்தில் அது ஒரு வேரில் இடித்துக்கொண்டு திரும்பிவிட்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன், சார், கடையில் கைக்கு வந்த பேரம் கலைந்தால்கூட எனக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை.

வியாழக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். மத்தியானம் நான் போட்ட கூச்சலில் தோட்டக்காரர் தெருவிலிருந்து திரும்ப ஓடிவந்தார். நான் தொட்டிக்குள் குதித்திருந்தேன். அப்பாவைத் தோளில் தாங்கியபடி நின்றேன். நீங்கள் வந்தபோது என்னைத்தான் முதலில் போர்வையால் மூடினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. ஊரே என்னைப் பற்றித்தான் பேசியது. அந்த வயதில், அந்தத் தண்ணீரில், யோசிக்காமல் குதித்தானே, பிள்ளை என்றால் இதுவல்லவா பிள்ளை என்றார்கள். தம்பி அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, கடையில அப்பா நாற்காலியில நீதான் உக்காரணும். இனிமே எங்களுக்கெல்லாம் நீதான் கண்ணு” என்று அழுதான். நான் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். என் மனைவி துக்கத்துக்கு வந்தாள். எல்லோர் பேச்சையும் கேட்டாள். இரண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்களை நான் சரியாப் புரிஞ்சுக்கலையோன்னு தோணுது” என்றாள். அடுத்த வாரம் பேக்கரி மேலிருந்த அறைகளைக் காலி செய்துவிட்டு எல்லாப் பெட்டிகளோடும் வந்து இறங்கினாள். எனக்காகப் போட்டு வைத்திருந்த தலகாணியை எங்கள் அறையில்கூடப் போடவில்லை. பெரிய அறைதான் வசதி என்று தம்பி மனைவி சொன்னதால், அதை அப்பா கட்டிலில் போட்டாள். நான் அதில் படுத்திருக்கிறேன், சார். கையை நீட்டினால் என் பழைய கட்டில் தட்டுப்படுகிறது.

அந்த வீட்டை விட்டு நான் போக முடியும் என்றால் அது இந்த போலீஸ் ஸ்டேஷன் அறைக்குத்தான் என்று தோன்றியது. அதனால்தான் வந்தேன். இங்கே நாற்காலி சின்னது, பக்கத்தில் இன்னொன்று போட இடமில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்களோ என் சரக்கை வாங்க மாட்டேன் என்கிறீர்கள். “போங்கய்யா, விபத்துன்னு எழுதி முடிச்சாச்சு. மூடி போட மறந்ததெல்லாம் கொலையா?” என்கிறீர்கள். உங்கள் பக்கம் பெரிய ஆதாரம் ஒன்றையும் எடுத்துப் போட்டீர்கள். தம்பி சொன்னானாம்: “அப்பாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அண்ணன் பாத்துக்குறாரேன்னு விட்டுட்டோம். தப்பு எங்களோடது.” அதைக் கேட்டு நான் சிரித்ததும் நீங்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தீர்கள். ஒன்றுமில்லை. ஆள் போன பிறகு எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்திருந்தால் ஒருநாளாவது, ஒரே ஒரு நாளாவது, யாராவது அந்தக் கையை வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்களா? அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். அவருக்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. இதில் நான் பேரம் பேசத் தயாராக இல்லை.

சரி, இப்போது எழுதுங்கள். இதுவரை யாருக்கும் தெரியாதது இதுதான்.

விழுந்தது மத்தியானம் இல்லை, காலை. தம்பி கடைக்குப் போயிருந்தான், அவன் மனைவி பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போய் அப்படியே அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். தோட்டக்காரர் வாசல் பக்கம் வேலிச்செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார், ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம். பலகை முறிந்த சத்தம் பெரிதாக இல்லை. போய்ப் பார்த்தேன். புல்லில் ஒரு கதவளவுக்கு ஓட்டை. மெஷின் அதைத் தாண்டிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

“பெரியவனே, இருக்கியா?”

அப்பா கத்தவில்லை. கல்லாவில் உட்கார்ந்து என்னிடம் நிறம் கேட்கிற அதே குரல்.

“இருக்கேன்பா.”

“இடுப்பு போச்சுன்னு நினைக்கிறேன். தண்ணி நெஞ்சு வரைக்கும் இருக்கு. சுவத்துல ஒரு கம்பி துருத்திக்கிட்டிருக்கு, அதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மூடி கல்லு மாதிரி இருக்குன்னியேடா?”

“கொத்தனார் ஏமாத்திட்டாருப்பா.”

“நான் அப்பவே நினைச்சேன், அவன் மூஞ்சியே சரியில்ல. யாராவது பாத்தாங்களா?”

“இல்லப்பா.”

“தோட்டக்காரன் எங்க?”

“வாசல்ல வேலி வெட்டிக்கிட்டிருக்காரு.”

“அவனைக் கூப்பிட்டுத் தொலைச்சிடாத. கண்ணு தெரியாம குழியில விழுந்துட்டாருன்னு தெருத்தெருவா தண்டோரா போட்டுடுவான். முதல்ல அந்தப் புதுப் பையனை நிறுத்து, என் தலையில வந்து விழுந்துடப்போறான்.”

மெஷினை நிறுத்தினேன். தூக்கிக்கொண்டுபோய் அதன் கூரைக்கடியில் பத்திரமாக வைத்தேன். உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. திரும்பி வந்து, “ஏணி எடுத்துட்டு வர்றேன்பா” என்றேன்.

“எடுத்துட்டு வா. அவன் போனப்புறம் வா. யாரு கண்ணுலயும் பட வேணாம். நான் சமாளிச்சுக்குறேன்.”

உள்ளே வந்து டீ போட்டேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நடுநடுவே “பெரியவனே” என்று கேட்டது. ஒருமுறைகூட அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தமாட்டார் என்று எனக்குத் தெரியும். வெயில் ஏறி அடுப்பு மேடைவரை வந்த பிறகு கூப்பிடுவது நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்தேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போட மாட்டேன். அப்பா சொன்ன சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை. தோட்டக்காரர் போன பிறகு வா என்றார். அவர் மத்தியானம்வரை போகவே இல்லை, சார்.